வானத்தைப் பார்த்த பிள்ளையார்

ரயில் ஓடாத நிலையத்தில் எனக்கு உத்தியோகம். தொண்ணூறில் சண்டை மறுபடி தொடங்கியதோடு யாழ்ப்பாணத்துக்கு ரயில் வருவது நின்றுபோயிற்று. பிறகு தண்டவாளங்களும் சிலிப்பர்க் கட்டைகளும் ஒவ்வொன்றாகக் கழன்று, தென்மராட்சி முழுவதும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகிவிட்டன. நான் மட்டும் காலையில் சைக்கிளில் போய், கையெழுத்துப் போட்டுவிட்டு, வெறும் கல் கிடந்த பாதையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். அப்படி இருக்கிற மனிதனுக்கு ஒன்றில் விசர் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் கைக்கு ஏதாவது வேலை வேண்டும். நான் படம் கீறினேன்.

எவரிடமும் போய்ப் படித்ததில்லை. கலண்டர்களைப் பார்த்துப் பார்த்துத் தெய்வப் படங்கள் கீறப் பழகினேன். கோயிலில் ஏதாவது விசேஷம் என்றால் சீலைத் துணியில் ஒரு முருகன், ஒரு அம்மன் என்று கேட்பார்கள், கீறிக் கொடுப்பேன். கீறும்போது எனக்குப் பக்தி வரும். கண் கலங்கியும் இருக்கிறது. தூரிகையைக் கழுவி வைத்ததும் அது போய்விடும். சந்நிதியில் எல்லோரும் உருகி நிற்க, நான் ஐயரின் தோளுக்கு மேலால் எட்டி, சாத்துப்படியில் எந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் எந்தப் பச்சை என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். இதை அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன்.

"நீ சாமியைக் கும்பிடுறேல்லையடா. அளவெல்லோ எடுக்கிறாய்" என்று சிரித்தாள்.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். அத்தானோடு பக்கத்து வளவில் இருந்தாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை, எனக்குக் கலியாணம் இல்லை. ஆகவே அவள் சமைத்ததைச் சாப்பிட்டு, அவள் ஏச்சைக் கேட்டு, நாற்பது வயது வரை நான் அந்த வீட்டுப் பிள்ளையாகவே இருந்தேன். அவளுக்கு மூச்சிழுப்பு வருத்தம். மருந்துத் தட்டுப்பாட்டுக் காலம் அது. ஒரு இழுப்பு வந்தால் அன்றிரவு மூன்று பேருக்கும் நித்திரையில்லை.

எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்கு அருகே ஒரு கல்யாண மண்டபம் உண்டு. ஊரில் கொங்கிறீற் கூரை போட்ட ஒரே கட்டடம் அதுதான். வலிகாமத்தின் வடக்குக் கரையிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் அங்கே பாய் விரித்திருந்தன. குண்டு போடும் பொம்மர் வந்தால் எங்கள் சனமும் அங்கேதான் ஓடும். பின்வளவில் தண்டவாளம் அடுக்கி மண் மூட்டை போட்ட பதுங்குகுழி ஒன்றும் இருந்தது. ஆனால் அதற்குள் காற்றில்லை, பாம்பு கிடக்கும் என்ற பயம் வேறு. அக்கா இரண்டு தரம் போய்ப் பார்த்தாள். இரண்டு தரமும் இழுப்போடு வெளியே வந்தாள். அதற்குப் பிறகு மண்டபம்தான்.

எனக்கு நாற்பதான அந்த வருடம் மாசி மாதத்தில், அயலூர் ஒன்றில் சனம் தங்கியிருந்த கட்டடத்தின்மேல் பீப்பாக் குண்டு விழுந்த செய்தி வந்தது. மேலிருந்து பார்க்கிறவனுக்கு அது இயக்கத்தின் சாமான் கிட்டங்கி போலத் தெரிந்திருக்கும் என்று சொன்னார்கள். அப்போது எல்லோரும் ஒரே நேரத்தில் எங்கள் மண்டபத்தை நிமிர்ந்து பார்த்தோம். அதுவும் கிட்டங்கி போலத்தான் இருந்தது. கூரையில் ஏதாவது அடையாளம் கீற வேண்டும் என்று அன்றே முடிவாயிற்று. என்ன அடையாளம் என்பதில்தான் பிரச்சினை.

"சிவப்புச் சிலுவை கீறினால் என்ன?" என்றார் ஒருவர்.

"அது ஆஸ்பத்திரிக்கு உரியது. நாங்களும் கீறினால் பிறகு மெய்யான ஆஸ்பத்திரியையும் ஆர் நம்புவான்?" என்றார் அத்தான்.

"அப்ப பெரிசா ஓம் எண்டு எழுதுவம்."

"மேலை வாறவனுக்குத் தமிழ் தெரியுமே?"

அவன் கும்பிடுகிற புத்தரையே கீறிவிட்டால் என்ன என்று மெல்லிய குரலில் யாரோ சொன்னார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சொன்னவர் தலையைக் குனிந்துகொண்டார்.

எண்பத்து மூன்றுக் கலவரத்துக்கு முன்பு நான் அநுராதபுரப் பக்கம் வேலை பார்த்தவன். காட்டுப் பாதை தொடங்கும் இடத்தில் சிங்களச் சாரதிகள் வாகனத்தை நிறுத்தி, ஒரு கொப்பை முறித்து மரக்கிளையில் தொங்கவிட்டுக் கும்பிட்டுப் போவதைக் கண்டிருக்கிறேன். அந்தக் கொப்பு பிள்ளையாருக்கு. யானை வழி மறிக்காமல் அவர் காப்பார் என்பது அவர்கள் நம்பிக்கை. இதைச் சபையில் சொன்னேன். மேலே வருகிறவனின் அப்பனும் ஒரு நாள் கொப்பு முறித்துப் போட்டிருக்கக் கூடும் என்றேன். அந்த வசனம் எனக்கே பிடித்துப்போயிற்று. எல்லோருக்கும் பிடித்தது, பிள்ளையாரையே கீறுவதென்று ஆயிற்று. ஆழம் தெரியாமல் காலை விட்ட இடம் அதுதான்.

கோயில் ஐயர் ஒரு விஷயத்தை மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். கூரையில் கீறுவதென்றால் சுவாமியின்மேல் கால் வைத்துத்தானே நடக்க வேண்டும். "கண் திறக்கிற மட்டும் அது வெறும் சுண்ணாம்பு. நீர் நடக்கலாம், குந்தியிருக்கலாம். கண் திறந்தாப் பிறகு ஆரின்ரை காலும் படக்கூடாது. உம்மடை காலும்தான்."

பெயின்ற் என்ற சாமானை நாங்கள் மறந்து வருடங்களாகியிருந்தன. வெள்ளைக்குச் சுண்ணாம்பு, மஞ்சளுக்குக் கோயில் மதிலுக்கு அடிக்கிற மஞ்சள் காவி, சிவப்புக்கு இடித்த ஓட்டுத்தூள். கறுப்புக்குச் செத்த பற்றரிகளை உடைத்துக் கரியெடுத்தேன். எல்லாவற்றையும் ஒட்டவைக்க விளாம்பிசின். வீடு கூட்டுகிற தும்புத்தடிதான் தூரிகை. யானை முகம், விரிந்த இரண்டு காதுகள், நெற்றியில் ஒரு ஆள் படுக்கக்கூடிய பெரிய குங்குமப் பொட்டு, முகத்தைச் சுற்றிப் பெரிய மஞ்சள் ஒளிவட்டம். ஒளிவட்டம் நன்றாகப் பிடிக்க வேண்டும் என்று பிசினில் முக்கால்வாசியை அதற்கும் பொட்டுக்கும் செலவழித்தேன். மிச்சத்தை வைத்துத் தும்பிக்கையின் மடிப்புகளை மூன்று நாட்கள் நுணுக்கமாகக் கீறினேன். ஒவ்வொரு மடிப்பையும் குந்தியிருந்து பார்த்து, எழும்பி நின்று பார்த்துத் திருத்தினேன். அந்த மூன்று நாளும் நல்ல சந்தோஷம்.

ஒன்று மட்டும் உறுத்தியது. வழக்கமாகக் கீறும்போது வருகிற பக்தி இந்த முறை வரவில்லை. வெயிலில் என் பாதம் பட்ட இடமெல்லாம் வெள்ளையில் ஊத்தை அடையாளம் பதிந்தது. தும்பிக்கையில் நின்று காதைக் கீறினேன். காதில் நின்று கன்னத்தைக் கீறினேன். என் படத்தைப் பார்க்கப்போகிறவன் ஒரே ஒருவன், அவன் குண்டோடு வருவான் என்ற நினைப்பு முதுகில் ஊர்ந்துகொண்டே இருந்தது. சீலையில் கீறிய படம் கோணலாய்ப் போனால் ஊர் சிரித்துவிட்டு மன்னிக்கும். இவன் மன்னிப்பானா என்று யாரைக் கேட்பது?

கண்களைக் கடைசி நாள் கீறினேன். செங்கல் வைத்து, அதன்மேல் பலகை போட்டு, கால் படாமல் பலகையில் குப்புறக் கிடந்து கீறினேன். ஐயர் ஏணியில் நின்று மந்திரம் சொன்னார். இரண்டாவது கண்ணின் கருமணியை வைக்கும்போது ஆனையிறவு முகாம் பக்கத்திலிருந்து ஹெலிச் சத்தம் கேட்டது. கீழே சனம் மண்டபத்துக்குள் ஓடியது. ஐயர் இறங்கிவிட்டார். நான் சுவாமியின் கண்ணுக்கு மேல் கிடந்து, அசையாமல், அது தூரத்தால் போகும்வரை அந்தக் கருமணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. எனக்குப் பயமாக இருந்தது. ஹெலிக்கு மட்டுமல்ல.

அடுத்த நாளிலிருந்து மண்டபத்தில் சனம் கூடிவிட்டது. பதுங்குகுழி வைத்திருந்த வீட்டுக்காரர்களும் பொம்மர்ச் சத்தம் கேட்டால் குழியை விட்டு மண்டபத்துக்கு ஓடிவரத் தொடங்கினார்கள். "மேலை அவர் இருக்கிறார்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். என்னைக் கண்டால் வழிவிட்டார்கள். ஒரு தாய் தன் கைக்குழந்தையைக் கொண்டுவந்து என் கையைத் தொடவைத்தாள். நான் கையை இழுத்துக்கொண்டேன். அக்கா அதைக் கண்டு, "பெரிய மகான்தான்" என்று வாயை நெளித்தாள்.

சித்திரையில் இரண்டு நாள் சிறுமாரி பெய்தது. மழை விட்ட பிறகு ஏணியில் ஏறி எட்டிப் பார்த்தேன். பிசின் குறைந்த கறுப்பெல்லாம் கரைந்து போயிருந்தது. தும்பிக்கை இல்லை, காதுகள் இல்லை, கண்களும் இல்லை. ஒளிவட்டமும் நெற்றிப் பொட்டும் புதிதாகப் பூசியது போல் பளிச்சென்று இருந்தன. கிட்ட நின்று பார்த்ததில் எனக்கு அதன் பொருள் உடனே விளங்கவில்லை. கறுப்பு போய்விட்டதே என்று மட்டும் கவலைப்பட்டேன்.

பொருளை விளக்கியவர் கோயில் பின்வளவுப் பனைகளில் கள்ளுச் சீவுகிறவர். ஊரில் அவ்வளவு உயரத்தில் நின்று கூரையைப் பார்க்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். ஒருநாள் காலை மரத்தால் இறங்கி வந்தவரிடம், மேலிருந்து எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். அவர் சொல்லத் தயங்கினார்.

"குறை நினையாதேங்கோ ஐயா. முகம் ஒண்டும் விளங்கேல்லை. ஒரு மஞ்சள் வட்டம். உள்ளுக்கை வெள்ளை வட்டம். நடுவிலை சிவப்பாய் ஒரு பொட்டு. இயக்கப் பெடியள் துவக்குச் சூடு பழகிறதுக்குப் பலகையிலை கீறி வைக்கிறாங்கள், அது மாதிரிக் கிடக்குது."

அவரும் அவருடைய குடும்பமும் மண்டபத்துக்குள் ஒருநாளும் ஒதுங்கியதில்லை. ஒதுங்க விட்டிருக்க மாட்டோம். குண்டுக்குப் பயந்து ஓடுகிற நேரத்திலும் யார் எந்த வாசலுக்குள் வரலாம் என்பதை எங்கள் ஊர் மறக்கவில்லை. அந்த வெட்கத்தோடுதான் அன்று அவர் சொன்னதைக் கேட்டு நின்றேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று சொல்லிச் சிரிப்பார்களே, என் பிள்ளையார் குரங்காகக்கூட முடியவில்லை. முந்நூறு பேருக்கு மேலே குறி வைத்துக் கொடுத்திருந்தேன்.

நேரே ஐயரிடம் போனேன்.

"ஐயா, அந்தப் படத்தை அழிக்க வேணும்."

அவர் விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். காரணத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"கண் திறந்தாச்சு. இனி அது படமில்லை. ஆரும் ஏறி அழிக்கேலாது."

"மழைக்குக் கண்ணே போயிட்டுது ஐயா."

"திறந்த கண் திறந்ததுதான். உமக்குத் தெரியேல்லை எண்டால் அவருக்குத் தெரியாதே?"

ஊர்ப் பெரியவர்களிடமும் சொல்லிப் பார்த்தேன். மரத்தில் நின்றவர் சொன்ன கதையைக் கேட்டா சுவாமியை அழிக்கச் சொல்கிறாய் என்று ஒருவர் சீறினார். சனத்தைக் கலைக்காதே, இருக்கிற கொஞ்ச நிம்மதியையும் கெடுக்காதே என்றார் இன்னொருவர். ஏறி நானே சுண்ணாம்பை ஊற்றிவிடலாம் என்று வாளியோடு ஏணியடிக்கும் போனேன்.  நம்பிக்கை இல்லாதவன் என்று என்னை நானே நினைத்திருந்தேன். ஆனால் அந்தக் கண்ணில்லாத முகத்தின்மேல் கால் வைக்க எனக்குத் துணிவு வரவில்லை. வாளியோடு திரும்பி வந்தேன். இன்றைக்கும் அதற்கு எனக்கு ஒரு நல்ல காரணம் சொல்லத் தெரியாது.

அதன் பிறகு பொம்மர் வரும் ஒவ்வொரு முறையும் அது எங்கள் மண்டபத்தை மையமாக வைத்தே சுற்றுவதாகப் பட்டது. முன்பும் அப்படித்தான் சுற்றியிருக்கும். ஆனால் இப்போது நான் எண்ணத் தொடங்கியிருந்தேன். ஒரு சுற்று, இரண்டாம் சுற்று. மூன்றாவதில் தாழ்ந்து வருகிறதா என்று பார்த்து நிற்பேன். நித்திரை போயிற்று. ஊரைக் காப்பாற்ற முடியாவிட்டாலும் ஒருத்தியையாவது அந்தக் கூரைக்குக் கீழிருந்து எடுத்துவிட வேண்டும் என்று மனம் ஒரே பிடியாக நின்றது.

"அக்கா, நீ இனி மண்டபத்துக்குப் போகாதை. குழிக்குள்ளை போ."

"அந்தக் குழிக்குள்ளை போனால் குண்டு வேண்டாம், நான் இழுத்தே செத்துப்போவன்."

"அது இரும்பு. எங்கடை பாதையிலை ரயில் தாங்கின இரும்பு. மண்டபத்துக்கு மேலை கிடக்கிறது என்ன எண்டு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"என்ன கிடக்குது? பிள்ளையார் கிடக்கிறார்."

"என்ரை படத்தை நம்பாதை அக்கா!"

"உன்ரை படத்தை ஆரடா நம்பினது?" என்றாள். "நான் அவரைத்தான் நம்புறன். நீ வேணுமெண்டால் உன்ரை இரும்பைக் கும்பிடு."

நான் கத்தினேன். சாப்பிடாமல் எழும்பிப் போனேன். இரண்டு நாள் அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் அவளே கஞ்சியோடு வந்தாள். அப்போது அவள் கையைப் பிடித்து என் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினேன். பொம்மர் வந்தால் குழிக்குள்தான் போவேன் என்று சொல்லவைத்தேன். சொல்லும்போது அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. வேறு ஏதோ இருந்தது. எனக்கு அது வெற்றி போல இருந்ததால், என்னவென்று கேட்கவில்லை. அன்று பல நாட்களுக்குப் பிறகு நல்ல நித்திரை கொண்டேன்.

வைகாசி மாதத்தில் ஒரு முற்பகல். நான் நிலையத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பொம்மர்ச் சத்தம் ஊர்ப் பக்கம் கேட்டது. வாசலுக்கு வந்து எண்ணினேன். மூன்றாம் சுற்றில் அது தாழ்ந்தது. புகை எழும்பியபோது நான் சைக்கிளில் இருந்தேன். வழி முழுவதும் மண்டபம் போயிருக்கும், அக்கா இரும்புக்குக் கீழே இருப்பாள், அக்கா இரும்புக்குக் கீழே இருப்பாள் என்று சொல்லிக்கொண்டே மிதித்தேன். வாழ்க்கையில் நான் மனமுருகிச் சொன்ன மந்திரம் அது ஒன்றுதான்.

மண்டபம் நின்றது. யன்னல் கண்ணாடிகள் மட்டும் உடைந்திருந்தன. உள்ளே இருந்த சனத்தில் ஒருவருக்கும் காயமில்லை. பின்வளவில் பதுங்குகுழி இருந்த இடத்தில் ஆழமாய் ஒரு பள்ளமும், வளைந்து மேலே நீட்டிய தண்டவாளங்களும் இருந்தன. உள்ளே போனவர்கள் நான்கு பேர். அக்காவை எடுக்கப் பின்னேரமாகிவிட்டது. முகத்தில் ஒன்றும் ஆகியிருக்கவில்லை. மண் மட்டும்தான்.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் மெதுவாகத்தான் கதைத்தார்கள். ஆனால் எனக்குக் கேட்டது. சுவாமிக்குக் கீழே இருந்தவர்கள் முழுப்பேரும் தப்பிவிட்டார்கள். விட்டுப் போனவர்கள்தான் போனார்கள். அதை யாரும் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. கண்டதைச் சொன்னார்கள். மண்டபத்தில் கற்பூரம் கொளுத்தினார்கள். மேலே வந்தவன் என் படத்தைக் கண்டு விலத்தினானா, குறி தவறினானா, குழியைத்தான் குறி வைத்தானா, எனக்குத் தெரியாது. இனித் தெரிந்தும் என்ன? எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொன்னேனே, அதுதான் பொய். அந்தப் பொய்தான் அவளைக் கொன்றது.

முப்பத்தோராம் நாள் கிரியைகள் முடிந்து சில நாட்களில் ஐயர் வீட்டுக்கு வந்தார்.

"கறுப்பெல்லாம் போட்டுது. சனம் கேக்குது. ஒருக்கா வந்து புதுப்பிச்சு விடும்."

"கண் திறந்த படத்திலை கால் வைக்கலாமோ?" என்றேன்.

"கும்பத்திலை இறக்கி வைச்சுப்போட்டுச் செய்யிறதுதானே. திருப்பணி நடக்கிற கோயிலெல்லாம் அப்பிடித்தானே நடக்குது. ஒரு மணித்தியால வேலை."

 பாலஸ்தாபனம் என்ற அந்தக் கிரியையை எத்தனையோ கோயில்களில் கண்டவன் நான். சுவாமியைக் குடத்தில் இறக்கிவிட்டு விக்கிரகத்தைப் பெயர்த்து வைப்பதையே கண்டிருக்கிறேன்.

"அப்ப அண்டைக்கு ஏன் சொல்லேல்லை ஐயா?"

"அண்டைக்கு நீர் அழிக்கவெல்லோ கேட்டனீர்" என்றார், ஆச்சரியத்தோடு. "திருத்த எண்டு கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்."

அவரில் பிழையில்லை. திருத்தலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு வாளி பிசினும் கறுப்பும் போதும், அந்தக் குறி மறுபடியும் முகமாகியிருக்கும். நானும் பயமில்லாமல் இருந்திருப்பேன். அக்காவும் அவளுடைய பிள்ளையாருக்குக் கீழே பாயில் இருந்திருப்பாள்.

கும்பம் வைத்த அன்று, மண்டபத்தின் முன் ஊர்ச்சனம் கூடி நிற்க, அத்தான்தான் ஏணியைப் பிடித்தார். செத்தவீட்டுக்குப் பிறகு அவர் என்னோடு ஒரு சொல் பேசவில்லை. நான் இரண்டு படி ஏறியதும் கீழிருந்து சொன்னார்.

"அவளுக்கு அண்டைக்குக் குழிக்குப் போக விருப்பமில்லை. நானும் நில்லெண்டுதான் சொன்னனான். 'தம்பி தான் கீறினதைத் தானே நம்புறானில்லை, பாவம். அவன்ரை மனம் ஆறுறதுக்கெண்டாலும் போயிட்டு வாறன்' எண்டு சொல்லிப்போட்டுப் போனவள்."

நான் மிச்சப் படிகளையும் ஏறினேன். மேலே போய் வாளியை வைத்துவிட்டு, அந்தச் சிவப்புப் பொட்டின் நடுவில் இரண்டு காலையும் வைத்து நின்று, வாய்விட்டு அழுதேன். சத்தம் கீழே கேட்டிருக்கிறது. பக்தி முற்றிவிட்டது என்று நினைத்து, நின்றவர்கள் எல்லோரும் கைகூப்பி, "பிள்ளையாரே" என்றார்கள்.